தாய் வேலைக்குப் போனால் பிள்ளையின் பாசம் குறையுமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏராளமான பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் அன்றாடம் வந்து போகிறவர்கள் பலர். அவர்களில் கைக்குழந்தைக்காரிகளும் உண்டு. பிள்ளையைப் பாட்டியிடமோ, பக்கத்து வீட்டாரிடமோ விட்டுவிட்டு வருகிறார்கள்.

"காலையில் அழுகிற பிள்ளை, சாயந்திரம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதே! பாசம் போய்விட்டதா?" இது பல தாய்மார்களின் கவலை. மனோதத்துவ நிபுணர்கள் இதை வெகு காலமாக ஆராய்ந்து வருகிறார்கள்.

பால் மட்டும் போதாது

குழந்தை தாயை ஒட்டிக்கொள்வது பாலுக்காகவே என்று முன்பு பலர் நினைத்தார்கள். இங்கிலாந்து டாக்டர் ஜான் பௌல்பி இதை மறுத்தார். அன்பான, நிலையான துணையும் பிள்ளைக்குத் தேவை என்று 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில் சொன்னார்.

அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளை வைத்துச் சோதித்தார். கம்பியால் செய்த 'தாய்' ஒன்று. துணி சுற்றிய 'தாய்' இன்னொன்று. பால் கம்பித் தாயிடம் இருந்தபோதும், குட்டிகள் பெரும்பாலான நேரம் துணித் தாயையே கட்டிக்கொண்டிருந்தன! இந்த முடிவு 1958-ல் வெளிவந்தது.

20 நிமிஷப் பரிசோதனை

மேரி ஐன்ஸ்வொர்த் என்ற பெண் நிபுணர் 1950-களில் உகாண்டா நாட்டுத் தாய்மாரைக் கவனித்தார். பிறகு அமெரிக்காவில் ஒரு பரிசோதனையை வகுத்தார்.

ஓர் அறையில் பொம்மைகள். தாயும், ஒரு வயதுக் குழந்தையும் இருப்பார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் வருவாள். தாய் சிறிது நேரம் வெளியே போய்த் திரும்புவாள். இப்படி இரண்டு தடவை. குழந்தை அழுததா என்பதைவிட, தாய் திரும்பியதும் என்ன செய்தது என்பதே முக்கியம்.

நாலு வகை

தாயிடம் ஓடிவந்து, சமாதானமாகி, மறுபடி விளையாடப் போவது முதல் வகை. இதுவே பத்திரமான பாசம். தாயைப் பார்த்தும் பாராததுபோல் விலகுவது இரண்டாவது. கட்டிக்கொண்டும் உதைத்தும், அழுகை அடங்காமல் இருப்பது மூன்றாவது. என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நிற்பது நாலாவது. இதை 1980-களில் மேரி மெயின் என்பவரும் அவருடைய குழுவினரும் சேர்த்தார்கள்.

1988-ல் 8 நாடுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சுமார் 2,000 குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முதல் வகை. அந்த 8 நாடுகளில் இந்தியா இல்லை. நம் வீடுகளில் பாட்டி, அத்தை, சித்தி என்று பல மடிகள் உண்டு. ஆகவே இந்த அளவுகோலை நம் பிள்ளைகள்மேல் அப்படியே வைத்துவிடக் கூடாது. ஒருநாள் முகத்தைத் திருப்பியதால் பாசம் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது.

வேலை குற்றமா?

அமெரிக்காவில் 1,000-க்கும் அதிகமான குழந்தைகளைப் பிறந்தது முதல் கவனித்து, 1997-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பிறர் பராமரிப்பில் விடுவதால் மட்டும் பாசம் கெடுவதில்லை. தாயின் பரிவும் குறைந்து, பராமரிப்பும் மோசமானால்தான் ஆபத்து கூடுகிறது.

சட்டமும் ஓட்டையும்

2017-ல் முதல் இரண்டு பிள்ளைகளுக்கான பிரசவ விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு 4 தடவை போய்ப் பார்க்கலாம் என்றும் விதி வந்தது. தமிழக அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021-ல் விடுப்பு 12 மாதமானது.

26 வாரம் என்றால் 6 மாதம். பிள்ளை ஆள் பார்த்து ஒட்டிக்கொள்ளத் தொடங்குவதோ 6, 7 மாதத்துக்கு மேல்தான். சரியாக அந்தச் சமயத்தில் தாயின் விடுப்பு முடிந்துவிடுகிறது! அதன்பின் பிள்ளைக்குக் காப்பகமே துணை.

ஆனால் அம்பத்தூரில் சிறு தொழிற்கூடங்களே அதிகம். 50 பேர் இல்லாத இடத்தை இந்த விதி கட்டுப்படுத்தாது. பல தொழிற்கூடங்கள் ஒன்றுகூடிப் பொதுக் காப்பகம் நடத்தலாம். அங்கே அடிக்கடி மாறாத ஆயாக்கள் இருக்க வேண்டும். பூட்டு, பொம்மை, தொட்டில் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

குழந்தைக்கு வேண்டியது இதுதான்: அழுதால் தூக்க, தெரிந்த கை ஒன்று.