லேப்டாப்பில் பாட்டு போடுறவங்க, பெட்டியோட பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்க

மாசத்துக்கு ஒருத்தராவது இந்தக் கேள்வியைக் கேட்டுடறாங்க. "மேடையில லேப்டாப்ல மைனஸ் ஒன் போடறோம். எந்த ஆடியோ இண்டர்ஃபேஸ் வாங்கலாம்?" கேட்கிறவர் லைட் மியூசிக் ட்ரூப் வச்சிருப்பார். இல்லைன்னா டான்ஸ் டீச்சரா இருப்பார். அதுவும் இல்லைன்னா, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பாட்டு போடற பொறுப்பு தலையில் விழுந்த அப்பாவி வாத்தியாரா இருப்பார்.

நான் சவுண்டு இன்ஜினியர் கிடையாது. வார நாள்ல ஆபீஸ், சனி ஞாயிறு ஆனா நண்பர்களோட ட்ரூப்ல லேப்டாப் முன்னாடி உட்கார்ற ஆள், அவ்வளவுதான். ஆனா இந்த விஷயத்துல எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. கடையிலும் யூட்யூபிலும் இண்டர்ஃபேஸ் பத்திப் பேசறவங்க எல்லாருமே ரெக்கார்டிங் பண்றவங்களுக்காகப் பேசறாங்க. மேடையில பாட்டு போடறவனுக்கு வேண்டியது வேற. அவங்க பேச்சைக் கேட்டு வாங்கினா, நமக்குத் தேவையில்லாததுக்குக் காசு கொடுத்துட்டு, தேவையானது இல்லாம வீட்டுக்கு வருவோம்.

ரெக்கார்டிங் பண்றவர் பெட்டியோட முன்பக்கத்தைப் பார்ப்பார். எத்தனை மைக் சொருகலாம், ப்ரீஆம்ப் எப்படி, இரைச்சல் இருக்கா, எல்லாம் அவருக்கு முக்கியம். நமக்கு உள்ளே போறது ஒண்ணுமே இல்லை. வெளியே வர்றதுதான் எல்லாம். அதனால பெட்டியைத் திருப்பி பின்பக்கத்தைப் பாருங்க. எத்தனை அவுட்புட், என்ன மாதிரி அவுட்புட்? என் கட்டுரை மொத்தமும் இந்த ஒரு வரிதான். மீதியெல்லாம் விளக்கம் :-)

முதல்ல, இண்டர்ஃபேஸ் எதுக்கு? "லேப்டாப் சவுண்டு சுமாரா இருக்கும், அதனால" என்பது பலரோட பதில். எனக்கு ஒப்புதல் இல்லை. இன்னைக்கு வர்ற லேப்டாப்போட ஹெட்போன் ஓட்டையில வர்ற ஒலி, கல்யாண மண்டபத்து ஃபேன் சத்தத்துக்கும் பந்தியில் உட்கார்ந்திருக்கற கூட்டத்துக்கும் தாராளமா போதும். 16 பிட் சிடி தரமே சுமார் 96 டெசிபல் வித்தியாசம் காட்டும். மண்டபத்துல அதுல பாதி கிடைச்சாலே பெரிய விஷயம். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்துல போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீங்க. தண்டர்போல்ட்டும் தேவையில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ பாட்டுக்கு நொடிக்குச் சுமார் 2.3 மெகாபிட் போதும். பழைய யூஎஸ்பி 2.0-வோட கணக்கு 480 மெகாபிட்!

அப்போ பிரச்சினை எங்கே? லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவுல இருக்கற ஒயர்லதான்.

ஹெட்போன் பின் அன்பேலன்ஸ்டு. அதாவது சிக்னலுக்கு ஒரு கம்பி, திரும்பி வர்றதுக்கு மேலே சுத்தின ஷீல்டு. வழியில ஒட்டுற இரைச்சலைக் கழிக்க வழியே கிடையாது. பேலன்ஸ்டுல ஒரே சிக்னல் நேராவும் தலைகீழாவும் ரெண்டு கம்பியில போகும். மிக்ஸர் ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணைக் கழிக்கும். வழியில ரெண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஒட்டின சத்தம் அடிபட்டுப் போயிடும், பாட்டு மட்டும் மிஞ்சும். சீரியல் லைட் ஒயரும் ஜெனரேட்டர் கேபிளும் நம்ம கேபிளும் பின்னிப் பிணைஞ்சு கிடக்கிற மேடையில இதோட அருமை தெரியும்.

இந்தக் கழித்தல் கணக்கு இன்னொரு இடத்துல பழிவாங்கும். ஒரு ஆண்டு விழாவுல நான் பார்வையாளனா உட்கார்ந்திருந்தேன். குழந்தைகள் ஆட ஆரம்பிச்சாச்சு, ஆனா பாட்டுல பாடகர் குரலைக் காணோம்! பின்னாடி எக்கோவும் ரெண்டு வயலினும் மட்டும் எங்கேயோ கிணத்துக்குள்ளேர்ந்து கேட்குது. ஆடற பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்து முழிக்குதுங்க. கீழே அம்மா அப்பாக்கள் செல்போனைத் தூக்கிப் பிடிச்சபடி நிக்கிறாங்க. என்ன நடந்திருக்கும்னா, ஸ்டீரியோ பின்னை அப்படியே மிக்ஸரோட ஒரு பேலன்ஸ்டு இன்புட்ல சொருகியிருப்பாங்க. மிக்ஸர் லெஃப்ட்லேர்ந்து ரைட்டைக் கழிச்சுடும். ரெண்டுலயும் சமமா இருக்கற குரல் பூஜ்ஜியம். மூணு மாசம் பயிற்சி எடுத்த பிள்ளைங்க, ஒரு தப்பான பின்னாலே போச்சு. ஸ்டீரியோவை ரெண்டு மோனோ பின்னாகப் பிரிக்கிற ஒய் கேபிள் இருந்திருந்தா வேலை முடிஞ்சிருக்கும்.

அடுத்தது "உர்ர்ர்". லேப்டாப் சார்ஜர் ஒரு ப்ளக்குல, மிக்ஸர் வேற ப்ளக்குல, ரெண்டோட எர்த்தும் ஆடியோ கேபிள் வழியா கைகோர்த்தா ஹம் வரும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அந்த 50-ம் அதன் மடங்கான 100-ம் ஸ்பீக்கர்ல உறுமும். கூடவே சார்ஜரோட கீச்சுக் குரல். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க. சத்தம் நின்னா குற்றவாளி யாருன்னு தெரிஞ்சிடும்.

இங்கேதான் நான் கொஞ்சம் சீரியஸா பேசணும். ஹம் வந்தா நிறைய மேடைகளில் சொல்ற வைத்தியம் என்ன தெரியுமா? "தம்பி, அந்த எர்த் பின்னை ஒடிச்சிட்டு சொருகுங்க, சரியாயிடும்." சரியாகும்தான். ஹம் போயிடும், பாதுகாப்பும் கூடவே போயிடும். அந்த எர்த் கம்பி இருக்கறதே, ஆம்ப்ளிஃபயர்லயோ சார்ஜர்லயோ உள்ளே ஒயர் விட்டுப்போனா 230 வோல்ட் பூமிக்குப் போகணும், ஃப்யூஸ் போகணும் என்பதற்காக. அதை ஒடிச்சுட்டா, மின்சாரம் பூமிக்குப் போக வேற வழி தேடும். இரும்பு மைக்கைக் கையில் பிடிச்சுக்கிட்டு, ஈரமான பந்தல் தரையில் வெறுங்காலோட நிக்கற பாடகர்தான் அந்த வழி. மூணு பின்னை ரெண்டு பின்னாக்கற கன்வெர்ட்டர் போடுறதும் இதே கதைதான். ஒரு உறுமலை நிறுத்த ஒரு ஆளைப் பணயம் வைக்கலாமா?

பிரிக்க வேண்டியது கரண்ட் எர்த்தை இல்லை, ஆடியோ கேபிள் வழியா போற எர்த்தை. அதுக்குன்னே ஒரு சாதனம் இருக்கு, டிஐ பாக்ஸ். ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள பேஸிவ் டிஐ-க்கு பவரே வேண்டாம். ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல சிக்னல் காந்தப்புலமா தாண்டும், கம்பித் தொடர்பு இருக்காது. "கிரவுண்டு லிஃப்ட்" சுவிட்சைத் தட்டினா உறுமல் போயிடும், எர்த் பின் பத்திரமா இருக்கும். மேடை ஸ்டேஜ் பாக்ஸ்ல இருக்கற மைக் இன்புட்டுக்கு ஏத்த மாதிரி சிக்னலையும் குறைச்சுக் கொடுக்கும். மிக்ஸர்காரர் தெரியாம 48 வோல்ட் ஃபேண்டம் பவரை ஆன் பண்ணினாலும், அது உங்க பெட்டிக்குள்ளே வராம ட்ரான்ஸ்ஃபார்மர் தடுத்துடும்.

சரி, அப்போ என்னதான் வாங்கறது? என் கணக்கு இப்படி.

பாட்டு மட்டும் போடணும், ரெண்டு சேனல் போதும் என்றால், ரெக்கார்டிங் இண்டர்ஃபேஸ் பக்கமே போகாதீங்க. ரேடியல் யூஎஸ்பி-ப்ரோ மாதிரி யூஎஸ்பி டிஐ பாக்ஸ் உண்டு. ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் ரெண்டு எக்ஸ்எல்ஆர், உள்ளேயே ட்ரான்ஸ்ஃபார்மர். மைக் ப்ரீஆம்ப் கிடையாது, அது நமக்கு வேண்டவும் வேண்டாம். அது விலை அதிகம்னு தோணினா, ஹெட்போன் பின்லேர்ந்து ஒய் கேபிள், ரெண்டு சேனல் பேஸிவ் டிஐ. நிறைய பேருக்கு இதுவே போதும். வெறும் 2-இன் 2-அவுட் பெட்டியை வாங்கி, டிஐ இல்லாம ஓட்டறதைவிட இது நிம்மதி.

ட்ரம்மருக்கு க்ளிக் போகணும் என்றால் கதை மாறும். ஹாலுக்கு ரெண்டு, க்ளிக்குக்கு ஒண்ணு, ஆக நாலு அவுட்புட் பெட்டி. பிரபலமான ஸ்கார்லெட் 2ஐ2 மாதிரி பெட்டிகள்ல ஹெட்போன் ஓட்டையில கேட்கறது மெயின் அவுட்புட்ல போற அதேதான். க்ளிக்கைத் தனியா அனுப்ப முடியாது. ஸ்கார்லெட் 4ஐ4, மோட்டு எம்4, பெரிங்கர் யூஎம்சி404ஹெச்டி, இந்த மூணுலயும் நாலு லைன் அவுட்புட் உண்டு. லெஃப்ட்ல பாட்டு, ரைட்ல க்ளிக் என்று ரெண்டு அவுட்புட்டிலேயே சமாளிக்கிறவங்களும் இருக்காங்க. நடக்கும், ஆனா மிக்ஸர்காரர் ரெண்டு ஃபேடரையும் ஏத்திட்டா, தாலி கட்டற நேரத்துல மண்டபம் முழுக்க "டிக் டிக் டிக்"!

வாங்கறதுக்கு முன்னாடி சவுண்டு சர்வீஸ் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. 2012-ல வந்த பெரிங்கர் எக்ஸ்32 மாதிரி டிஜிட்டல் மிக்ஸர்கள்ல யூஎஸ்பி வழியா லேப்டாப்பை நேரா மாட்டலாம், மிக்ஸரே இண்டர்ஃபேஸ் ஆயிடும். ஆனா டிரைவர் முன்கூட்டியே போட்டு, சோதிச்சு வச்சிருக்கணும். யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை என்பதால, நீங்களும் மிக்ஸர் பக்கத்துல உட்காரணும். லேப்டாப் மேடையில, மிக்ஸர் ஹால் கோடியில என்றால், பேலன்ஸ்டு கேபிள்தான் அந்தத் தூரம் போகும்.

இண்டர்ஃபேஸ் வச்சுக்கறதுல யாரும் பெருசா சொல்லாத லாபம் ஒண்ணு இருக்கு. பாட்டு மென்பொருளை இண்டர்ஃபேஸுக்கும், கம்ப்யூட்டரோட சொந்த சத்தங்களை லேப்டாப் ஸ்பீக்கருக்கும் பிரிச்சு விடலாம். வாட்ஸ்அப் "டிங்" அரங்கேற்றத்து வர்ணத்துக்கு நடுவுல ஒலிக்காது. என்னைக் கேட்டா, இதுக்காகவே ஒரு பெட்டி வாங்கலாம்.

லேட்டன்சி பத்தி ரொம்பக் கவலைப்படாதீங்க. அது மேடையில கீபோர்டு சத்தத்தை லேப்டாப்லேர்ந்து வாசிக்கிறவர் தலைவலி. பாட்டு போடறவர் பஃபரைத் தாராளமா 1024 வச்சுக்கலாம். 48 கிலோஹெர்ட்ஸ்ல சுமார் 21 மில்லிசெகண்ட்தான் தாமதம், யாருக்கும் தெரியாது. பஃபரைக் குறைச்சு வச்சு, நடுப்பாட்டுல "டொக் டொக்"னு உடையறதுதான் எல்லாருக்கும் தெரியும். விண்டோஸ்ல யூஎஸ்பியைத் தூங்கவைக்கிற பவர் செட்டிங்கை அணைச்சுடுங்க. யூஎஸ்பி கேபிளை மேசையோட சேர்த்து டேப் போடுங்க, யார் காலாவது படும். வால்யூம் குமிழ் இருந்தா அதுக்கும் ஒரு துண்டு டேப்.

கடைசியா, பெட்டிக்கு ஒதுக்கின காசுல கொஞ்சம் மிச்சம் பிடிச்சு, மாற்றுக்கு வழி பண்ணுங்க. பெரிய கச்சேரிகளுக்கு ஐகனெக்டிவிட்டி ப்ளேஆடியோ12 மாதிரி, ரெண்டு கம்ப்யூட்டரை மாட்டி ஒண்ணு நின்னா அடுத்ததுக்குத் தானா தாவற பெட்டிகள் உண்டு. நமக்கு அவ்வளவு வேண்டாம். அதே பாட்டுகள் ஏத்தின ஒரு செல்போன், ஏரோப்ளேன் மோடுல, இன்னொரு டிஐ வழியா மிக்ஸர்ல தயாரா இருந்தா போதும். லேப்டாப் மக்கர் பண்ணினா ஃபேடரை ஏத்த வேண்டியதுதான்.

நல்ல இண்டர்ஃபேஸ் வாங்கினா "ஆஹா, என்ன சவுண்டு!"ன்னு யாரும் வந்து கை குலுக்க மாட்டாங்க. ஆட்டத்தையும் பாட்டையும் பாராட்டிட்டு சாப்பிடப் போயிடுவாங்க. லேப்டாப்னு ஒண்ணு அங்கே இருந்ததே யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் அந்தக் காசு.

டிஸ்கி: மேலே சொன்ன எந்தக் கம்பெனிக்கும் நான் ஏஜெண்ட் இல்லை. எர்த் பின்னுக்கு மட்டும்தான் ஏஜெண்ட்.