நான்கு சக்கரமும் பிடித்துக்கொண்டால் எது உடையும்?

நின்ற இடத்தில் இருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட இத்தனை விநாடி. ஸ்போர்ட்ஸ் கார் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது இந்த எண்தான். அதை எட்டும்போது காருக்குள் எது அடிவாங்குகிறது என்று விளம்பரம் சொல்வதில்லை. ஆல் வீல் டிரைவ் கார் என்றால் அந்த அடி இன்னும் பலம்.

இரண்டு சக்கரத்துக்கு மட்டும் விசை போகும் காரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்துக் கிளட்ச்சைச் சட்டென்று விட்டால், டயர் வழுக்கிச் சுழலும், புகை கிளம்பும். நேரம் வீணாகும்தான். ஆனால் கியர்பாக்ஸுக்கு அது பாதுகாப்பு. வீட்டில் ஃபியூஸ் போய் ஃப்ரிட்ஜைக் காப்பாற்றுகிற மாதிரி. நான்கு சக்கரமும் காய்ந்த தார்ச்சாலையைக் கவ்விக்கொண்டால் டயர் அவ்வளவு லேசில் வழுக்காது. அப்போது அந்த அடியைக் கியர் பற்களும் டிரைவ் ஷாஃப்ட்டும் டிஃபரென்ஷியலும்தான் வாங்க வேண்டும்.

குதிரைத்திறனைவிட ஆபத்தானது அந்த முதல் நொடி அதிர்ச்சி. சுழலும் ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல், வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 3,000 ஆர்பிஎம்மில் இருப்பதைப் போல 4,500-இல் இரண்டேகால் மடங்கு. கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் அது ஒரே அடியாக இறங்கும். ஆணி மேல் சுத்தியலை வைத்து அழுத்துவதற்கும் ஓங்கி அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

அப்படின்னா வேகமாகக் கிளம்பவே முடியாதா? முடியும். கிளட்ச்சையே ஃபியூஸ் ஆக்க வேண்டும். மேனுவல் காரில் ஆர்பிஎம்மை அளவாக வைத்து, கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம் வரை சீக்கிரம் விட்டு, கார் நகர்ந்து வேகம் பிடிக்கும் வரை அங்கேயே கொஞ்சம் வழுக்கவிட்டு, பிறகு முழுசாக விட வேண்டும். கருகிய வாடை வரும், பிளேட் தேயும். தேயட்டும். கியர்பாக்ஸைவிட கிளட்ச் பிளேட் எவ்வளவோ மலிவு. ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். சக்கரம் திரும்பியிருக்கும்போது ஷாஃப்ட் மூட்டுகளுக்குச் சுமை அதிகம். ஆயில் சூடேறியிருக்க வேண்டும். ஒருமுறை செய்ததும் உடனே மறுமுறை வேண்டாம், கிளட்ச் ஆற வேண்டும். இதெல்லாம் ரேஸ் டிராக்குக்கு. ஓஎம்ஆர் சிக்னலுக்கு இல்லை.

மேனுவலில் கால் செய்யும் வேலையை டூயல் கிளட்ச் காரில் மென்பொருள் செய்கிறது. அது தப்பாகக் கணக்குப் போட்டால் யார் பொறுப்பு?

நிசான் ஜிடி-ஆர் கதை இதைத்தான் கேட்கிறது. 2008-இல் அமெரிக்காவுக்கு வந்தபோது 480 குதிரைத்திறன், விலை சுமார் 70,000 டாலர். விடிசி என்ற நிலைப்புக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு, பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதித்தால் இன்ஜின் 4,500 ஆர்பிஎம் வாக்கில் காத்திருக்கும். பிரேக்கை விட்டால் பாய்ச்சல். ‘லாஞ்ச் கன்ட்ரோல்’ என்று எல்லோரும் கொண்டாடிய வசதி. சிலருக்கு கியர்பாக்ஸ் உடைந்தது. விடிசியை அணைத்து ஓட்டி வந்த சேதத்துக்கு வாரன்ட்டி கிடையாது என்று கையேட்டில் இருந்தது. பிறகு நிசான் மென்பொருளை மாற்றி, கிளம்பும் ஆர்பிஎம்மைச் சுமார் 3,000-க்கு இறக்கியது. அதனால் அந்தக் கார் ஒன்றும் மந்தமாகிவிடவில்லை.

கையேட்டில் எழுதியிருந்ததே, படிக்காதது வாங்கியவர் தப்பு என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அணைக்கும் பட்டனை வைத்தது நிறுவனம். பாய்ச்சலுக்கான மென்பொருளை எழுதியதும் அதே நிறுவனம். எண்ணைக் காட்டி விற்கிறவர், அந்த எண் வந்த முறைக்கும் பொறுப்பேற்க வேண்டும். எத்தனை முறை செய்யலாம் என்று வரம்பு வைத்தால் அது நியாயம். அதை விளம்பரத்திலேயே போடட்டும்.

இரட்டை மோட்டார் மின்சாரக் காரில் இந்தக் கிளட்ச்சும் கிடையாது. விசையை மெல்ல ஏற்றுவதா, அறைவதா என்பது முழுக்க மென்பொருள் கையில். ஷோரூமில் விநாடிக் கணக்கைச் சொல்லும்போது, அது எந்த மோடில் வந்தது, அந்த மோடில் ஏதாவது உடைந்தால் வாரன்ட்டி உண்டா என்று கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், வாரன்ட்டி புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று காட்டச் சொல்லுங்கள்.