நான் கையொப்பமிடாத மனு

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு. இரண்டாம் திருப்பலியை நிறைவேற்றிவிட்டுக் கோவிலின் பின்னறையில் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். பங்கின் பெரியவர்கள் நால்வர் வந்து நின்றனர். ஒருவர் கையில் மனு ஒன்று இருந்தது. கல்லறைத் தோட்டத்தை அடுத்துள்ள விலங்குகள் காப்பகத்தை ஊரைவிட்டே அப்புறப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். இரவெல்லாம் குரைப்பு, மழைக்காலத்தில் நாற்றம், தெருவில் நாய்ப் பெருக்கம், பிள்ளைகளுக்கு ஆபத்து எனக் காரணங்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அறுபதுக்கும் மேற்பட்ட கையொப்பங்கள். பெரும்பாலும் நம் இறைமக்களுடையவை. "சாமி, நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டா கலெக்டர் ஆபீசில் எடுபடும்" என்றார் ஒருவர்.

நான் கையொப்பமிடவில்லை. அன்று முதல் அவர்களுள் இருவர் என்னிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. "சாமிக்கு மனுசப் பிள்ளையைவிட நாய் பெரிசாப் போச்சு" என்று அன்பியக் கூட்டமொன்றில் பேசப்பட்டதாகவும் அறிகிறேன். ஆகவே, என் காரணங்களைப் பலரும் படிக்கும் இந்த ஏட்டிலேயே எழுதிவிடுவது நேர்மையானது என எண்ணுகிறேன்.

முதற்கண் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர்களுடைய அச்சம் பொய்யன்று. 1999-இல் நான் கடற்கரைப் பங்கொன்றில் துணைப் பங்குத்தந்தையாக இருந்தேன். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைச் சந்தைத் திடலில் கிடந்த நாய்க்குட்டி ஒன்று கடித்துவிட்டது. சிறு கடிதான். வீட்டார் சுண்ணாம்பையும் மிளகாய்த் தூளையும் குழைத்து அப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டனர். ஏறத்தாழ ஆறு வாரங்கள் கழித்து அரசு மருத்துவமனையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. நோயில்பூசுதல் அருளடையாளத்தை வழங்கச் சென்றேன். வழக்கம்போல் தீர்த்தம் தெளிக்கக் கையை உயர்த்தினேன். அந்த நீரைக் கண்டு அவன் அலறிய அலறலை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. தீர்த்தப் பாத்திரத்தை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அவனை அடக்கம் செய்தோம்.

எனவே, நாய்க்கடியின் கொடுமையை எனக்கு எவரும் பாடமாக நடத்த வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் நாய்க்கடிக்கு ஆளானோர் ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம். வெறிநாய்க்கடி நோயால் இறந்தோர் 43 பேர். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. நோயுற்ற விலங்கால் கடிபடுவோருள் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம்.

ஆனால் அந்தச் சிறுவனைக் கொன்றது எது? அக்குட்டி வானத்திலிருந்து விழவில்லை. யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் பிறந்து, 'பெட்டைக்குட்டி, நமக்கு வேண்டாம்' என்று சாக்கில் கட்டிச் சந்தைத் திடலில் விடப்பட்ட ஈற்றில் ஒன்று அது. தடுப்பூசியின்றித் திரிந்தது. கடித்தவுடன் காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி தொடங்கியிருந்தால் அவன் இன்று ஓர் இளைஞனாக இருப்பான். அந்த ஊரில் அப்போது காப்பகம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அந்தத் தாய் நாய்க்குக் கருத்தடை செய்யப்பட்டிருக்கக் கூடும்; ஊசியும் போடப்பட்டிருக்கக் கூடும். காப்பகத்தை அகற்றக் கோரும் மனுவில் என் பேனா ஓடாமற்போனதற்கு முதற் காரணம் அந்தச் சிறுவனே.

காப்பகம் நாய்களைப் பெருக்குகிறது என்கிறது மனு. அங்கு நடப்பது என்ன என்பதை ஒருநாளேனும் உள்ளே சென்று பார்த்தவர், கையொப்பமிட்டவர்களுள் எத்தனை பேர்? தெருநாயைப் பிடித்துவருகின்றனர், கருத்தடை அறுவை செய்கின்றனர், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுகின்றனர், காதின் ஓரத்தில் சிறு வெட்டு அடையாளம் இடுகின்றனர், புண் ஆறியதும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுகின்றனர். இந்தக் கடைசிச் செயல்தான் நம்மவர்க்குப் புரிவதில்லை. 'பிடித்ததை ஏன் திரும்ப விடுகிறீர்கள்?' என்று சீறுகின்றனர்.

இதற்கு விடை சென்னை மாநகரின் வரலாற்றில் இருக்கிறது. அங்கு மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது 1860-இல் என்பர். நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அது நடந்தது. கொன்று குறைந்ததா? இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் நாளொன்றுக்கு 135 நாய்கள் கொல்லப்பட்டன. தெருவில் நாய்களும் குறையவில்லை, நோயும் குறையவில்லை. காரணம் எளியது. ஒரு தெருவின் குப்பை எத்தனை நாய்களுக்குச் சோறிடுமோ அத்தனை நாய்கள் அங்கு இருக்கும். இருப்பவற்றை அகற்றினால் அடுத்த தெருவிலிருந்து ஊசி போடாத புதியவை வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பெட்டைநாய்க்குச் சினைக்காலம் ஏறத்தாழ அறுபத்து மூன்றே நாட்கள். ஆண்டுக்கு இரு ஈற்றும் உண்டு. கொல்பவனின் கையைவிட அதன் கருப்பை விரைவானது!

இதைக் கண்டு வேறு வழி சொன்னவர்கள் புளூ கிராஸ் சங்கத்தார். 1959-இல் மழைவெள்ளத்தில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளைக் காப்பாற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்ற விமானி கேப்டன் வி. சுந்தரத்தின் குடும்பத்தில் வேர்விட்ட சங்கம் அது. கொல்வதை விடுத்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் வேலையை 1964-இலேயே அவர்கள் தொடங்கினர். மாநகராட்சி அதனை ஏற்று நகர் முழுவதும் நடைமுறைப்படுத்த 1996 வரை, அதாவது முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. பின்னர் நடுவணரசு 2001-இல் விதிகளாகவே இதனை வகுத்தது; 2023-இல் அவற்றைப் புதுப்பித்தது. ஒரு பகுதியின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கேனும் ஊசி போடப்பட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்பது உலகமெங்கும் மருத்துவர் ஏற்றுக்கொண்ட உண்மை. அப்படியாயின், காதில் வெட்டு அடையாளத்தோடு உங்கள் வீட்டு முன் படுத்திருக்கும் அந்த நாய் உங்கள் பிள்ளையின் பகையன்று, காவல்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்கச் சொல்லி, பதினோரு நாட்களுக்குள் அந்த ஆணையைத் திருத்தி, வெறிநோயும் மூர்க்கமும் உள்ளவை தவிர மற்றவற்றைச் சிகிச்சைக்குப்பின் அவ்விடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், தொடருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிப்பவற்றைக் காப்பகத்திலேயே வைக்க வேண்டும் என்றது. பள்ளி வளாகத்தில் நாய் திரியக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வைக்க வேண்டிய காப்பகம் எங்கே? அதைத்தானே நாம் மனுப்போட்டு விரட்டப் பார்க்கிறோம்!

இனி, மனுவில் எழுதப்படாத, ஆனால் என்னிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட பெரிய வாதத்துக்கு வருகிறேன். 'மனிதன் பசியோடு கிடக்கையில் நாய்க்குச் செலவா?' என்கின்றனர். படித்த நண்பர் ஒருவர் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலையே எடுத்துவந்து 2418-ஆம் எண்ணைக் காட்டினார். மனிதத் துயர் துடைக்க முதன்மையாகச் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்று அங்கு இருப்பது உண்மைதான். அதே எண், காரணமின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே எதிரானது என்று தொடங்குவதை நண்பர் படிக்காமல் தாண்டிவிட்டார். அது போகட்டும். நான் கேட்பது வேறு. தெருநாயிடம் கடிபடுகிறவர் யார்? மாடிவீட்டுக்காரரா? விடியற்காலையில் செய்தித்தாள் போடும் பையன்; மீன்கூடை சுமந்து நடக்கும் தாய்; நடைபாதையில் உறங்கும் குழந்தை; துப்புரவுப் பணியாளர். ஒரு தெருவில் நாய்களுக்கு ஊசி போடுவது இந்த ஏழைகளுக்குச் செய்யும் தொண்டு அன்றி வேறென்ன? சென்ற திருவிழாவில் வாணவேடிக்கைக்கும் மின்விளக்கு அலங்காரத்துக்கும் நாம் செலவிட்டபோது 2418 எவருடைய நினைவுக்கும் வரவில்லை. பங்குத்தந்தையான என் நினைவுக்கும் வரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விவிலியத்தைத் துணைக்கு அழைப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். லாசரின் புண்களை நாய்கள் நக்கியதைச் சொல்லி, 'மனிதர் இரங்கவில்லை, நாய்கள் இரங்கின' என்று மறையுரையில் உருகுவோர் உண்டு. குருமடத்தில் எங்கள் பேராசிரியர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். அந்த ஏழையின் இழிநிலையின் உச்சத்தையே லூக்கா அங்குக் காட்டுகிறார் என்பார். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. ஆகவே அதை வைத்து வாதாடமாட்டேன். விடுதலைப் பயணநூல் 23-ஆம் அதிகாரம் எனக்குப் போதும். உன் பகைவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் விலகிப் போகாமல் தூக்கிவிட உதவு என்கிறது அது. கழுதையின்மீது பாசம் வை என்று அங்குச் சொல்லப்படவில்லை. கொஞ்சு என்றும் சொல்லப்படவில்லை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் செய்ய வேண்டிய கடமை அது. நாய் என்றாலே ஒதுங்கிப்போகிறவர்களும் காப்பகத்துக்குத் துணைநிற்கலாம் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பாசம் மட்டுமே உள்ளவர்களால் தொல்லையும் உண்டு. பிறர் வீட்டு வாசலில் பிஸ்கட்டைக் கொட்டிவிட்டு, ஒரு நாய்க்கும் ஊசி போடாமல் வண்டியேறிப் போகிறவரை நான் விலங்கு நேயர் என்று சொல்லமாட்டேன். கடிபட்ட பிள்ளையின் தாய் அழுதுகொண்டு வந்தால், 'நீங்கள் நாயைச் சீண்டியிருப்பீர்கள்' என்று பதில் சொல்வோரும் இருக்கின்றனர். நம் காப்பகத்தாரிடமும் எனக்குக் குறை உண்டு. வரவு செலவை அவர்கள் வெளியில் எழுதி ஒட்ட வேண்டும். மழைநீர் வடிகாலைச் சீர்செய்ய வேண்டும். நாற்றம் என்ற புகார் நியாயமானது. நேரிலேயே சொன்னேன். ஆளில்லை என்றனர். இரண்டு தகரக் கொட்டகைகள், மூன்று பணியாளர்கள், வாரம் இருமுறை வரும் கால்நடை மருத்துவர், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கொட்டகை ஏன் நிரம்பி வழிகிறது? விடியற்காலையில் அதன் வாசலில் கிடக்கும் அட்டைப்பெட்டிகளைக் கேளுங்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய லாப்ரடார், தோல்நோய் வந்ததும் அடுத்த தவக்காலத்துக்குள் அங்கே வந்துவிடுகிறது. மனுவில் கையொப்பமிட்ட ஒருவர் தம் வீட்டுப் பொமரேனியனை அந்த வாசலிலேயே கட்டிவிட்டுப் போனவர். பெயர் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும். நம் சமூகக்கூடத்தில் ஒவ்வொரு விருந்துக்குப் பின்னும் எச்சில் இலைகள் எங்கே போகின்றன? மதிற்சுவருக்குப் பின்னால்! ஞாயிறு காலையில் கோழிக்கடைக் கழிவு விழும் இடமும் அதுவே. நாய்களைப் பெருக்குவது காப்பகமா, நாமா?

கல்லெறிய எனக்கும் தகுதியில்லை. முந்தைய பங்கொன்றில் மணி என்றொரு நாய் ஆறு ஆண்டுகள் என் அறை வாசலில் படுத்திருந்தது. மாற்றலாணை வந்தது. நூல்களை ஏற்றினேன், மேசையை ஏற்றினேன், அலமாரியை ஏற்றினேன். 'புதிய சாமி பார்த்துக்கொள்வார்' என்று மணியை விட்டுவிட்டு வந்தேன். புதியவருக்கு நாய் ஆகாது. அது அவர் குற்றமன்று. மூன்று மாதம் கழித்து அங்கிருந்த சமையற்காரர் சொன்னார், மணியைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டார்களாம். குருக்கள் மாறிச் செல்லும் பங்குத்தந்தை இல்லங்களில் இப்படி எத்தனை மணிகள்!

அந்த மனுவை நால்வரிடமும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பின்னர் நானே நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் மூன்று கோரிக்கைகள். கோழிக்கழிவை நாள்தோறும் அகற்ற வேண்டும். காப்பகத்துக்குச் செல்லும் வடிகாலைச் சீர்செய்ய வேண்டும். இருபத்திரண்டு தெருக்களிலும் கருத்தடை, தடுப்பூசிப் பணி முடிய ஓர் ஊர்தியும் ஆட்களும் தர வேண்டும். சமூகக்கூடத்தின் எச்சில் இலைகளுக்கு மூடியுள்ள தொட்டி வைக்கப் பங்குப் பேரவையிடம் பணம் கேட்டிருக்கிறேன். பேரவை இன்னும் ஒப்பவில்லை. கடிதம் பங்கு அலுவலக மேசையில்தான் இருக்கிறது. இதுவரை அதில் பதினோரு கையொப்பங்கள். மனுக் கொண்டுவந்த நால்வருள் ஒருவருடையதும் அவற்றுள் உண்டு.