தலை போனாலும் தங்கம் தங்கம்தான்!

ஆறாவது செமஸ்டர் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி நெருங்கிடுச்சு. நாகர்கோவில் வீட்டில் ஆச்சி பீரோவைத் திறந்து காசுமாலையை எடுத்தாங்க. நான் சும்மா இருப்பேனா? ஒவ்வொரு காசா புரட்டினேன். விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ்...

"என்னலே மக்கா தேடுக?"

"எட்டாம் எட்வர்டு ஆச்சி!"

1936-ல் பதினோரு மாதம்கூட நிறையாமல் முடி துறந்த இங்கிலாந்து ராஜா அவர். அவர் முகம் போட்ட சவரன் மாதிரிக்காக அடிச்ச சிலதுதான். அதில் ஒண்ணு 2020-ல் பத்து லட்சம் பவுண்டுக்குப் போச்சு! ஆச்சி மாலையில்? ம்ஹூம்... நம்ம லக் அப்படி!

இந்த மேட்டரில் சீனியர்ஸ், கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த பைசாந்திய ராஜாக்கள். 474-ல் பட்டமேறிய இரண்டாம் லியோ ஏழு வயசுப் பையன். பத்து மாதத்தில் இறந்துட்டான். 475-ல் வந்த பாசிலிஸ்கஸ் 20 மாதம்தான். ரெண்டு பேர் பெயரிலும் தங்கக் காசு உண்டு. ஏன் இந்த அவசரம்? புது ராஜா வந்தால் ஒவ்வொரு வீரனுக்கும் 5 பொற்காசும் ஒரு ராத்தல் வெள்ளியும் தரணும். தராட்டி சிம்மாசனம் ஆடும்! ஆண்ட நாள் குறைவு, காசும் குறைவு. அதான் இன்னிக்கு மவுசு.

தலை மாறினாலும் எடை மாறலை. சுமார் நாலரை கிராம். அந்த நம்பிக்கையில் பைசாந்தியக் காசுகள் தென்னிந்தியா, இலங்கை வரை வந்திருக்கு. தென்னிந்தியாவில் கிடைத்த பலவற்றில் ராஜா தலைக்கு மேலே ரெண்டு ஓட்டை! கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டத்தான். அங்கே சக்கரவர்த்தி, இங்கே பதக்கம்!

அடகுக் கடைக்காரர் உரசினார், எடை போட்டார். முகத்தைப் பார்க்கவே இல்லை. விக்டோரியாவுக்கும் ஜார்ஜுக்கும் ஒரே ரேட்.

"விக்கலைலே, வைக்கத்தான் செய்யுதேன். திருப்பிருவே இல்லியா?" ஆச்சி சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. எனக்குத்தான் தொண்டை அடைச்சுது.

உங்க வீட்டிலும் பழைய காசு இருக்கா? உருக்கும் முன்னாடி ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க. மண்ணுக்குள்ள கிடைச்சதுன்னா 1878-ம் வருஷ புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லணும். உருக்கிட்டா எடை மிஞ்சும், கதை போயிடும்.

ஆச்சியோட காசுகளை நான் போட்டோ எடுத்துட்டேன். அடகு ரசீது என் பர்ஸில். முதல் சம்பளம் எதுக்குன்னு முடிவாயிடுச்சு பாஸ்!