நுஸ்ரத்கட் எங்கே இருக்கிறது?

செஞ்சி பேருந்து நிலையத்தில் இறங்கி, வரிசையில் நிற்கும் ஆட்டோக்காரர் யாரிடமாவது "நுஸ்ரத்கட் போகணும்" என்று கேட்டுப் பாருங்கள். "அப்படி ஒரு ஊரு இந்தப் பக்கமே இல்லீங்களே" என்பார். திண்டிவனம் ரோட்டிலா, திருவண்ணாமலை ரோட்டிலா என்று பக்கத்து ஆட்டோவிடம் விசாரித்தாலும் விசாரிப்பார். அவர் வண்டி நிற்பதே நுஸ்ரத்கட்டில்தான்.

மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் வந்து செஞ்சிக் கோட்டையை வளைத்தார். பிடித்தது 1698-இல். எட்டு வருஷம்! மனுஷன் வேண்டுமென்றே இழுத்தடித்தாரோ, உள்ளே இருந்தவர்களோடு பேசி வைத்துக்கொண்டாரோ என்று வரலாற்றாசிரியர்கள் இன்றைக்கும் சந்தேகப்படுகிறார்கள். யாரைப் பிடிக்க வந்தாரோ அந்த ராஜாராம், சிவாஜியின் மகன், கோட்டை விழுவதற்குள் தப்பிப் போய்விட்டார். எப்படியோ, ஜெயித்தாயிற்று. சுல்பிகர் கானின் 'நுஸ்ரத் ஜங்' பட்டத்தை வைத்துக் கோட்டைக்கு நுஸ்ரத்கட் என்று ஔரங்கசீப் பெயர் சூட்டினார். நுஸ்ரத் என்றால் வெற்றி. வென்றவர் வைத்த பெயர், வெற்றி என்றே வைத்த பெயர். இன்று ஊரில் ஒரு டீக்கடைப் பலகையில்கூட அது இல்லை.

இந்தப் பழங்கதையை நான் தோண்டக் காரணம் ஒரு பந்தாட்டம்.

போன கோடையில், செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வற்றிக் கிடந்த ஏரிக்குள் செவன்ஸ் நடந்தது. பக்கத்துக்கு ஏழு பேர், பாதிக்குப் பதினைந்து நிமிஷம், மூங்கில் கம்பம் நட்ட கோல், ஏரிக்கரை முழுக்க மைக் செட் சத்தம். இறுதி ஆட்டத்தில் முதல் ஐந்து நிமிஷத்திலேயே ஒரு கோல் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் கோல் அடித்த அணி பந்தாடவே இல்லை. ஏரியின் ஒரு பக்கம் சீமைக்கருவேலங்காடு. காலுக்கு வந்த பந்தையெல்லாம் அந்த முள்ளுக்குள் தூக்கி அடித்தார்கள். ஒரு பையன் நுழைந்து, சட்டையை முள்ளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு, பந்தோடு வெளியே வருவதற்குள் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் போய்விடும். வந்த பந்து மறுபடி முள்ளுக்கு. மைக்கில் ஒருவர், "அருமையான க்ளியரன்ஸ்!" என்று உருகிக்கொண்டிருந்தார். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ பந்து திரும்பி வந்தபோது பாதிதான் காற்று இருந்தது. முள் ஏறியிருந்தது. வேறு பந்து கொண்டுவந்து ஆட்டத்தை முடித்தார்கள்.

எதிரணியில் ஒல்லியாக ஒரு பையன். இடது கால்காரன், கேன்வாஸின் கட்டை விரல் பக்கம் கிழிந்திருந்தது. கிடைத்த கொஞ்ச நேரத்தில் ஒருமுறை பந்து அவனிடம் வந்தது. முன்னால் இரண்டு பேர். அவன் நின்றான். நிஜமாகவே நின்றுவிட்டான். வந்தவர்கள் இருவரும் ஒரு கணம் தயங்க, குதிகாலால் பந்தை ஒருவனின் கால்களுக்கு நடுவே தள்ளிவிட்டு, இவன் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய் எடுத்துக்கொண்டான். ஏரிக்கரையே எழுந்து நின்றது. அடித்த அடி மூங்கிலில் பட்டுத் திரும்பியது. 1–0. தோற்றுவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அவனிடம் அவன் பயிற்சியாளர் சொன்னார்: "வித்தை காட்றதுக்காடா உன்ன கூட்டினு வந்தேன்? ஜெயிச்சவன் பேருதான்டா நிக்கும்."

அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. அவர் கெட்ட மனிதர் இல்லை; பையன்களுக்குத் தன் காசில் வாழைப்பழமும் முட்டையும் வாங்கித் தருகிறவர். அந்த வாக்கியமும் அவருடையது இல்லை. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் தலைமை தாங்குகிறவர் அதைத்தான் சொல்கிறார், டிவியில் கோட் போட்டு உட்கார்ந்திருக்கிறவரும் அதைத்தான் சொல்கிறார். "எப்படி ஆடினோம்னு யாரு கேக்கப்போறா? கப்பு எங்க, அதச் சொல்லு." ஆனால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை கண்ணில் படும் இடத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

ஏனென்றால் இது தேசிங்கு ஊர். ஆண்டது ஓராண்டுகூட இல்லை. 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படைக்கு எதிராகச் சில நூறு குதிரைகளோடு போய், அன்றே செத்துப்போன இளைஞன். ஒரே ஒரு போர், அதிலும் தோல்வி. கூடவே செத்தவர் நண்பர் மகபத்கான். கல்யாண வீட்டிலிருந்து எழுந்து வந்தார் என்கிறது கதைப்பாடல். வென்ற நவாப் கோட்டைக்குள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது, பார்க்க வேண்டிய கட்டடம். ஆனால் கோட்டைக்கு வருகிறவர்கள் கேட்பது, "தேசிங்கு ராஜாவ எரிச்ச இடம் எது?" என்றுதான். செட்டிக்குளத்தங்கரை மேடையைக் கை காட்டுவார்கள். தேசிங்குக்குக் கதைப்பாடல் உண்டு, கூத்து உண்டு, 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த சினிமாவும் உண்டு. சாதத்துல்லா கானைப் பற்றி ஒரு தாலாட்டுகூட நான் கேட்டதில்லை. இராணிப்பேட்டை என்ற பெயரே தேசிங்கின் மனைவி நினைவாக நவாப் வைத்தது என்று சொல்கிறார்கள். அது உண்மையானால், யார் பெயர் நிற்க வேண்டும் என்பது ஜெயித்தவருக்கே தெரிந்திருக்கிறது.

நம் ஊர்ப் புத்தி இப்படித்தான் வெகுகாலமாக வேலை செய்கிறது. வெண்ணிப் போரில் கரிகாலன் ஜெயித்தான். முதுகில் புண்பட்ட வெட்கத்தில் வடக்கிருந்து உயிர்விட்டான் சேரன். வெண்ணிக்குயத்தியார் என்ற பெண் கரிகாலனின் முகத்துக்கு நேராகவே, உன்னைவிட அவன் நல்லவன் இல்லையா என்று கேட்டுவிட்டார். புறநானூற்றில் 66-ஆவது பாட்டு. செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. இந்த வட்டாரம் முழுக்கப் பாரதக் கூத்துக்குப் பேர்போனது. கர்ண மோட்சம் நடக்கிற இரவில் ஜனங்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பது யாருக்காக? ஜெயித்த அர்ச்சுனனுக்காகவா? மதுரைப் பக்கம் போனால் வாடிவாசலில் பாருங்கள். யாருக்கும் பிடிகொடுக்காமல் நாலுகால் பாய்ச்சலில் ஓடிவிடுகிற மாடும் ஜெயித்த மாடுதான், பரிசும் உண்டு. ஆனால் கூட்டம் சொக்கிப்போவது நின்று விளையாடுகிற மாட்டுக்கு.

போரும் பந்தாட்டமும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. தேசிங்கு செய்தது முட்டாள்தனம் என்பதுதான் என் கட்சியும். நவாபோடு பேசியிருக்கலாம், எத்தனையோ பெண்கள் தாலி அறுத்திருக்க வேண்டாம். போரில் தோற்றால் கோட்டை போகிறது, தலை போகிறது. அங்கே 'எப்படியாவது ஜெயி' என்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஏரிக்குள் நடக்கிற செவன்ஸில் தோற்றால் என்ன போகிறது? சுழற்கோப்பை ஒரு வருஷம் வேறு தெருவில் இருக்கும். தலை போகிற இடத்திலேயே ஜனங்கள் 'எப்படி' என்று கேட்டிருக்கிறார்கள் என்றால், தலை போகாத இடத்தில் அதைக் கேட்க நமக்கு ஏன் கூச்சம்?

1982 உலகக் கோப்பையையே எடுத்துக்கொள்வோம். முள்காட்டுக் கட்சிக்காரர்கள் உதாரணம் காட்டுவதே அதைத்தான். பார்சிலோனாவில் ஜூலை 5, பிரேசில்–இத்தாலி. பிரேசிலுக்கு டிரா போதும். ஃபால்கோ அடித்த கோலில் 2–2 ஆனது. மீதி இருபது நிமிஷம் சொச்சம். பூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஜீக்கோவும் சாக்ரடீசும் உட்காரவில்லை. ரோசி மூன்றாவது கோலை அடித்தார், பிரேசில் வெளியே. "பாத்தியா, அழகு சோறு போடாது" என்பார்கள். இவர்கள் ஆட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அந்த மூன்றாவது கோல் ஒரு கார்னர் கிக்கில் வந்தது. பிரேசில்காரர்கள் அப்போது தங்கள் கோல் முன்னால் திரண்டு நின்று தடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டாவது கோல், குறுக்கே கவனமில்லாமல் கொடுத்த ஒரு பாஸில் போனது. சோம்பலில் நடந்த பிழையை அழகின் தலையில் கட்டுவது அநியாயம். அன்று இத்தாலி ஆடியதும் நல்ல ஆட்டம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே கோப்பையில் பத்து நாள் முன்னால், ஜூன் 25, கிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. மோதின என்று சொல்லலாமா தெரியவில்லை. பத்தாவது நிமிஷத்தில் ஜெர்மனி ஒரு கோல் போட்டது. 1–0 என்று முடிந்தால் இரண்டு அணிகளுமே அடுத்த சுற்றுக்குப் போகும், அல்ஜீரியா ஊருக்குப் போகும். மீதி நேரம் முழுக்க இரண்டு பேரும் தங்களுக்குள்ளேயே பந்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். கணக்கு மட்டும் போதும் என்றால், அன்று இரண்டு அணிகளுமே நினைத்ததைச் சாதித்தன. உலகம் காறித் துப்பியது. அதன் பிறகுதான், ஒரு பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் வந்தது. 1990 உலகக் கோப்பையில் ஆட்டத்துக்குச் சராசரி 2.21 கோல், அதுவரை இல்லாத பஞ்சம். சொந்த கோல்கீப்பரிடமே பந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பொழுதைப் போக்கினார்கள். 1992-இல் விதியையே மாற்றினார்கள்: கூட்டாளி காலால் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது. ஜெயித்தால் போதும் என்பதுதான் விளையாட்டின் சாரம் என்றால், விளையாட்டை நடத்துகிறவர்களே அதற்கு எதிராக ஏன் சட்டம் போட வேண்டும்?

தடுத்தாடுவதை நான் குறை சொல்லவில்லை. 2004 யூரோவில் கிரீஸ் மூன்று நாக்-அவுட் ஆட்டங்களையும் 1–0 என்று ஜெயித்துக் கோப்பையை எடுத்தது. எளியவன் வலியவனைக் கட்டிப்போடுவதில் ஒரு கலை இருக்கிறது. அதைப் பார்க்கக் கண் வேண்டும். முள்ளுக்குள் அடிப்பதில் என்ன கலை?

நெதர்லாந்துக்காரர்கள் கதைதான் எனக்குப் பிடித்தது. 1974 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் க்ரைஃப் அணி மேற்கு ஜெர்மனியிடம் 2–1 என்று தோற்றது. ஊரே கொண்டாடிய ஆட்டம், கோப்பை மட்டும் இல்லை. 2010-இல் மறுபடி இறுதிக்கு வந்தபோது, இந்த முறை அழகெல்லாம் வேண்டாம் என்று இறங்கினார்கள். தி யோங் தூக்கிய கால் ஸ்பெயினின் அலோன்சோவின் நெஞ்சில் பதிந்தது. நடுவர் மஞ்சள் அட்டையை எடுத்து எடுத்துக் கை சலித்துப்போனார். கடைசியில் 1–0 என்று தோல்வி. யாரிடம்? அணியில் பாதிப் பேர் பார்சிலோனா ஆட்டக்காரர்கள். அந்த பார்சிலோனாவுக்கு 1988 முதல் 1996 வரை பாஸ் கொடுத்து ஆடப் பழக்கியவர், 1974-இல் தோற்ற அதே க்ரைஃப். தன் வீட்டு விதைநெல்லை அடுத்த வீட்டுக்காரன் விதைத்து அறுத்ததை வரப்பில் நின்று பார்த்த கதை. க்ரைஃபே தன் நாட்டு ஆட்டத்தைப் பகிரங்கமாகத் திட்டினார்.

சரி, அதெல்லாம் ஐரோப்பா. கோயம்புத்தூருக்கு வாருங்கள். 2018–19 ஐ-லீக்கில் சென்னை சிட்டி அணிக்குப் பெரிய பெயர் கிடையாது. சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், நம் பையன்களையும் சில ஸ்பெயின்காரர்களையும் வைத்துக்கொண்டு, பந்தைத் தரையில் வைத்து முன்னால் போய் ஆடச் சொன்னார். அந்தப் பருவத்தில் பெத்ரோ மான்சி மட்டும் 21 கோல். 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியத்தில் கடைசி ஆட்டம்: தொடக்கத்திலேயே மினர்வா பஞ்சாப் முந்த, அடிக்க வேண்டிய கட்டாயத்தில் அடித்து 3–1 என்று ஜெயித்தார்கள். ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம், பட்டம் தமிழ்நாட்டுக்கு. 'அழகா, வெற்றியா' என்று கேள்வியைப் போடுகிறவர்கள் முதலில் இரண்டையும் சக்களத்திகளாக நிறுத்திவிட்டுத்தான் பஞ்சாயத்துக்கே உட்காருகிறார்கள்.

எனக்கு எதிராக ஒரே ஒரு வாதம்தான் கனமானது, அதை அந்தப் பயிற்சியாளரே சொன்னார். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீதம், கல்லூரியில் இடம். எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு ஜெயிக்க வேண்டும். "அவங்க அம்மா நூறு நாள் வேலைக்குப் போவுது சார். அழகு உங்களுக்கு, சர்டிபிகேட் அவனுக்கு." எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்ததில், ஏரி செவன்ஸில் கிடைக்கும் கோப்பைக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. மாவட்டத் தேர்வில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பார்ப்பார். பந்தை வாங்கத் தெரிகிறதா, திரும்பத் தெரிகிறதா, ஆளைக் கடக்கத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார். அங்கே முள்காடு இருக்காது. பதினான்கு வயது வரை தூக்கி அடிக்க மட்டுமே பழகிய கால் அங்கே போய் எதைக் காட்டும்? 'வித்தை' என்று அவர் திட்டினாரே, அந்தப் பையனின் கையிலிருக்கும் ஒரே முதல் அதுதான். இதை அவரிடம் சொன்னேன். "பேசறதுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுத்தார்.

போன வாரம் சாயங்காலம் அந்த ஏரிக்கரைப் பக்கம் போயிருந்தேன். பத்து வயசுகூட நிரம்பாத நாலைந்து பொடியன்கள், ஒரு ரப்பர் பந்து. அதில் ஒருவன் ஓடி வந்து, சட்டென்று நின்று, குதிகாலால் பந்தைப் பின்னால் தள்ளிவிட்டுச் சுற்றிப் போகப் பார்த்தான். தடுக்கி விழுந்தான். பந்து வாய்க்காலுக்குப் போயிற்று. எழுந்து டவுசரைத் தட்டிக்கொண்டு, பந்தை எடுத்து வந்து, "இரு, இரு, இப்பப் பாரு" என்று மறுபடி அதே இடத்திலிருந்து ஓடி வந்தான்.