பாஸ்போர்ட் வைத்திருப்பவரெல்லாம் தப்பி ஓடுபவரா?

வளைகுடாவிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் பிழைக்கப் போனவர்களின் குடும்பங்கள் நிறைந்த ஊர் பரங்கிப்பேட்டை. அந்த ஊர்க்காரர் ஒருவரின் ஜாமீன் மனு சிதம்பரத்திலோ கடலூரிலோ விசாரணைக்கு வந்து, எதிர்மனுவில் ‘வெளிநாடு தப்பிவிடுவார், சாட்சிகளைக் கலைப்பார்’ என்ற வரி இருந்தால், ‘எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று நீதிமன்றம் கேட்க வேண்டும். தப்பியோடும் அபாயம் என்பது மெய்ப்பிக்க வேண்டிய ஒரு பொருண்மை. விசா முத்திரை குத்திய பாஸ்போர்ட் ஒருவரிடம் இருப்பது அவருடைய தொழிலைக் காட்டும், நோக்கத்தைக் காட்டாது. சம்மன் அனுப்பியும் வராதது, வழக்குப் பதிவான பின் அவசரமாக டிக்கெட் எடுத்தது, சொத்துகளைக் கைமாற்றியது போன்றவைதான் நோக்கத்தைக் காட்டும்.

ஐ.என்.எக்ஸ். மீடியா வழக்கில் ப. சிதம்பரத்துக்கு 2019 அக்டோபர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கிய தீர்ப்பு இதற்கு நல்ல பாடம். பொருளாதாரக் குற்றவாளிகள் சிலர் நாட்டைவிட்டு ஓடியதைச் சுட்டிக்காட்டி சி.பி.ஐ. வாதாடியது. வேறு யாரோ ஓடியதற்காக, எதிரே நிற்பவருக்கு ஜாமீனை மறுக்க முடியாது என்றது நீதிபதி ஆர். பானுமதி தலைமையிலான அமர்வு. சாட்சிகளை அணுகினார் என்ற குற்றச்சாட்டையும் அப்படியே ஏற்கவில்லை: எப்போது, எங்கே, எந்த வழியில் என்ற விவரம் ஏதும் இல்லை என்று ஒதுக்கியது. முன்னாள் மத்திய அமைச்சருக்குக் கிடைத்த இந்த நுணுக்கமான பரிசீலனை, பெரிய வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத மீனவருக்கு எத்தனை முறை கிடைக்கிறது என்பது தனிக் கேள்வி.

சான்று வலுவாக இருந்தால் தண்டனை பயம் கூடும், தண்டனை பயம் கூடினால் ஓடும் ஆசையும் கூடும் என்பார்கள் அரசு வழக்கறிஞர்கள். இதைத் தள்ளிவிட முடியாது. அமர்மணி திரிபாதி வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல்களில் முகாந்திரமும் உண்டு, தலைமறைவாகும் அபாயமும் உண்டு. ஆனால் அவை தனித்தனியாக எடைபோட வேண்டியவை. முதல் தகவல் அறிக்கையின் கடுமையான பிரிவுகளை மட்டும் படித்துவிட்டு இரண்டுக்கும் ஒரே வரியில் விடை எழுதினால், விசாரணை முடியும் முன்பே தண்டனை தொடங்கிவிடும். உண்மையாகவே ஓடக்கூடியவர் என்றால் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்லலாம், காவல் நிலையத்தில் கையெழுத்திடச் சொல்லலாம். விமான நிலையத்தில் தடுக்க லுக்அவுட் நோட்டீஸும் இருக்கிறது. இவை ஏன் போதாது என்று விளக்காத மறுப்பு ஆணை அரைகுறை ஆணைதான்.

பாஸ்போர்ட்டே இல்லாத ஏழையின் கதை வேறு. ஜாமீன் கிடைத்தும், சொத்து காட்டும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் சிறையிலேயே கிடப்பார். வேறு மாவட்டத்து ஜாமீன்தாரரைக் கீழ்நீதிமன்றம் ஏற்க மறுத்ததை மோதி ராம் வழக்கில் (1978) நீதிபதி கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவது விடுதலையைத் தாமதப்படுத்துகிறது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மாதத்துக்குள் பிணைப்பத்திரம் தர முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும் அதே ஆணை சொல்கிறது. கட்சிக்காரர் உள்ளேயே இருந்தால், முப்பதாம் நாள் கடந்ததும் அந்த ஆணையின் நகலோடு மனு போடுங்கள்.