சுமந்தவனுக்கும் அப்பீல் உண்டு!

கடத்தல் சரக்கு பிடிபடும்போது அகப்படுகிறவன் யார்? சரக்கின் சொந்தக்காரனா? இல்லை. லாரி ஓட்டியவன், மூட்டை தூக்கியவன், கையெழுத்துப் போட்டுப் பார்சலை எடுத்தவன்! மும்பைத் துறைமுகத்தையும் பார்சல் ஆபீசையும் நம்பிப் பிழைக்கும் நம் குடும்பங்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கடத்தலை நாம் ஆதரிக்கவில்லை. தெரிந்து செய்தவன் தண்டனை அடையட்டும். ஆனால் தண்டனை விழுந்ததும், "எல்லாம் தலைவிதி" என்று குடும்பமே முடங்கிவிடுகிறதே, அதுதான் கூடாது என்கிறோம். அவமானத்துக்கு அஞ்சி மறைக்கும் ஒவ்வொரு நாளும் அப்பீல் கெடுவில் ஒரு நாள்!

மாஜிஸ்திரேட் தண்டித்தால் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாள். செஷன்ஸ் கோர்ட் தண்டித்தால் ஹைகோர்ட்டுக்கு 60 நாள். தீர்ப்பு நகல் பெற ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேரா. சிறைத்தண்டனை பெற்றவருக்கு நகல் இலவசம். சிறையில் இருந்தபடியே ஜெயில் அதிகாரி மூலம் மனுக் கொடுக்கலாம். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டம் தருகிறது. இது தருமம் அல்ல, அரசின் கடமை என்று 1978இல் ஹோஸ்காட் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். அப்பீலோடு சேர்த்து, தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடும்படியும் கேட்கவேண்டும்.

ஆனால், "பாவம், கூலிக்குச் சுமந்தவன்" என்று கெஞ்சினால் மட்டும் போதாது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், 135ஆம் பிரிவைப் பாருங்கள். ஏழாண்டு வரை சிறை விதிக்கத்தக்க பெரிய வழக்குகளில், ஓராண்டுக்குக் குறைத்துத் தண்டிக்க "சரக்கைச் சுமந்தவன் மட்டுமே", "முதல் குற்றம்" என்பவற்றைத் தக்க காரணமாக ஏற்கக்கூடாது என்று அது எழுதி வைத்திருக்கிறது! குற்ற எண்ணம் இருந்ததாகவே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

ஆகவே, உள்ளே இருந்தது இன்னதென்று தெரியாது என்பதற்கு ஆதாரம் வேண்டும். ரசீது யார் பெயரில்? கூலி கொடுத்தது யார்? சீல் உடையாமல் இருந்ததா? உடன் வேலை செய்தவர் யார்? கைதான அன்றே இவற்றைத் திரட்டி வக்கீலிடம் கொடுங்கள். அப்பீலில் புதுச் சாட்சியம் சேர்ப்பது கோர்ட்டின் அனுமதியைப் பொறுத்தது.

"குற்றத்தை ஒப்புக்கொள், சீக்கிரம் வெளியே வரலாம்" என்று புரோக்கர் சொல்வான். ஒப்புக்கொண்டவன் பிறகு குற்றவாளி அல்ல என்று அப்பீல் செய்ய முடியாது. தண்டனையின் அளவையும் சட்டப்படி அது சரியா என்பதையும் பற்றி மட்டுமே கேட்கலாம். இந்த ஒரு வார்த்தையால் வழியை அடைத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

தோழர்களே! தாய்மார்களே! தண்டனைச் செய்தி வந்த அன்றே சங்கத்துக்கு வாருங்கள். வெட்கப்படவேண்டியவன் சரக்கை அனுப்பிவிட்டு மறைந்தவன். நாம் அல்ல. தேதியைக் குறியுங்கள், நகலைக் கேளுங்கள், அப்பீல் செய்யுங்கள்!